பெரட்டில் ஓட்டுநருக்கு எண் இல்லை

மாச்சாப் ஓய்வுத்தளத்தில் வேன் நின்றபோது மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். பியாட்ரிஸ் எஞ்சினை அணைக்கவில்லை. ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பீசாங் கோரெங் வாங்கப் போன கணவர் பிரெட்ரிக் இன்னும் திரும்பவில்லை. ஏழு மணி பத்து நிமிடத்திற்குப் பொழுது மறையும். அதற்குள் தம்போயில் உள்ள வீட்டு வாசலில் வேனைக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று அன்று காலை தானா ராத்தாவிலிருந்து புறப்பட்டபோதே பியாட்ரிஸ் முடிவு செய்திருந்தார். இருட்டில் தெரியாத சாலையில் அவரால் ஓட்ட முடியாது. அது பிரெட்ரிக்குக்குத் தெரியாது.

பதினைந்து நாள் மலைப்பயணத்தின் கடைசி நாள் அது. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் காட்டுச் சாலை, குவா மூசாங்கின் சுண்ணாம்புப் பாறைகள், லோஜிங் ஏற்றம், கேமரன் மலையின் பனி ஆகிய அனைத்தையும் அந்தப் பழைய வேனிலேயே உண்டு, உறங்கிக் கடந்து வந்திருந்தனர். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, மெத்தை போட்டு, சன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தவர் பிரெட்ரிக். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரே ஒரு நீள இருக்கையை மட்டும் விட்டுவைத்திருந்தார். கழற்றியவற்றை வீடு திரும்பும் இரவே மீண்டும் பூட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். கப்பல் நிறுவனம் ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வண்டி ஓட்டும் தேர்வில் மூன்று முறை தோற்ற பிறகு, உலகில் ஓட்டுபவர்களைப் போலவே உட்கார்ந்து வருபவர்களும் வேண்டும் என்று சொல்லி அந்த முயற்சியையே விட்டுவிட்டவர்.

ஒருவழியாக அவர் எண்ணெய்க் கறை படிந்த காகிதப் பையுடன் வந்தார்.

“எஞ்சினை அணைச்சா என்ன, பியா? சூடா இருக்கு. இறங்கி ரெண்டு சாப்பிடு.”

“ஏறுங்க. போற வழியில சாப்பிட்டுக்கலாம்.”

“காலையிலேர்ந்து விரட்டுற. தாப்பாவுல ஒரு காப்பி நிம்மதியாக் குடிக்க விடல.”

“தாப்பாவுல ஒரு மணி நேரம் உக்காந்தீங்க. உக்காராம இருந்தா ஜாமுக்கு முன்னாடியே சிரம்பானைத் தாண்டியிருக்கலாம்.”

“சிரம்பான் ஜாமுக்கும் நான்தான் காரணமா? எழுதிக்க. பேராக் மழைக்கும் நான்தான்.” பிரெட்ரிக் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். “ரிட்டையரானவனுக்கு என்ன அவசரம்லா.”

“நான் இன்னும் ரிட்டையர் ஆகல.”

வேன் நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே கைப்பேசி ஒலித்தது. பிரெட்ரிக் அதன் ஒலிபெருக்கியை அழுத்தினார். பாசிர் கூடாங்கில் உள்ள மின்னணுத் தொழிற்சாலையிலிருந்து மலர் பேசினார். பியாட்ரிஸின் வேனில் பத்தொன்பது ஆண்டுகளாகப் போய் வருபவர் அவர்.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“மாச்சாப். நீ எங்க, ஞாயித்துக்கிழமையும் வேலையா?”

“ஓவர்டைம்க்கா. இன்னிக்கு நம்ம வேன்ல நான் மட்டும்தான். ஏழு மணிக்குத்தான் விடுவான். அக்கா, நாளைக்குக் காலையில கண்டிப்பா வந்துடுவீங்கல்ல? உங்களுக்குப் பதிலா வர்ற இந்த ஆளு வேன்ல எங்களால முடியல. பெரட்டு இல்ல, ஒன்னும் இல்ல. வியாழக்கிழமை வாசுகியைக் கேட்லயே விட்டுட்டு வந்துட்டான். பாதி வழியில அவ போன் போட்டுத் திட்டுறா, அப்பதான் அவனுக்கே தெரியுது.”

“திட்டினாளா?”

“கெட்ட வார்த்தை, அக்கா. அண்ணன் பக்கத்துல இருப்பாரு, சொல்ல மாட்டேன்.”

“நான் காதைப் பொத்திக்கிட்டேன், சொல்லு,” என்றார் பிரெட்ரிக்.

மலர் சிரித்தார். “காலையில அஞ்சேகாலுக்கு ரோட்டோரம் நிக்கிறேன். சரியாக்கா?”

“வரேன்,” என்றார் பியாட்ரிஸ்.

பியாட்ரிஸ் பிறந்தது பெக்கான் நானாஸை ஒட்டிய ஓர் அன்னாசித் தோட்டத்தில். விடிவதற்கு முன்னரே தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவில் பட்டு அப்படி ஆயிற்று. பெரட்டுக்குப் பிந்தியவருக்கு அன்று வேலை இல்லை. பியாட்ரிஸின் தந்தை ஒருநாளும் பிந்தியதில்லை. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் நான்கு மணிக்கே எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல், கோயில் மணி அடிக்கும்வரை வீட்டைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். அந்த இருப்புக்கொள்ளாமை மகளுக்கும் வந்தது.

பத்தொன்பதாம் வயதில் பாசிர் கூடாங்கிற்கு வேலைக்கு வந்த பியாட்ரிஸ், பதினேழு ஆண்டுகள் தொழிற்சாலையில் நின்றுகொண்டே மின்பலகைகளுக்கு ஈயம் வைத்தார். ஒருநாள், அவரை ஏற்றிச் செல்லும் வேன்காரர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பெண்கள் எல்லாரும் சாலையோரத்தில் கைபிசைந்து நின்றபோது, பியாட்ரிஸ் மட்டும் அந்த வேனுக்கு என்ன உரிமம் வேண்டும் என்று விசாரித்தார். ஆறு மாதங்களில் உரிமம் எடுத்தார், வேனையும் எடுத்தார். அன்று முதல் இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தம்போயிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் விட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

வேனில் ஏறியவர்களை எண்ணிப் பார்க்க அவர் ஒருபோதும் திரும்பியதில்லை. “பெரட்டு,” என்பார். முன்னிருக்கையிலிருந்து மலர், “ஒன்னு,” என்பார். பின்னாலிருந்து வாசுகியின் “ரெண்டு” கேட்கும். அக்காள் தங்கையரான மலாய்ப் பெண்கள் இருவர் மூன்றையும் நான்கையும் தங்கள் மொழியில், “தீகா,” “அம்பாட்,” என்று சொல்லித் தொடர்வார்கள். பன்னிரண்டு வந்ததும் வேன் நகரும். பெரட்டில் ஓட்டுநருக்கு எண் இல்லை. எண்ணைக் கேட்பதுதான் அவருடைய வேலை.

அந்தப் பெரட்டுத்தான் பியாட்ரிஸின் கண்ணில் வந்த குறையை வெளியே தெரியாமல் காத்தது. பிப்ரவரி மாதம் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்கப் போனபோது, மருத்துவர் கையெழுத்திட மறுத்து, கண் மருத்துவரிடம் அனுப்பினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் கண் மருத்துவர். நேர்ப்பார்வை நன்றாகவே இருந்தது. இரு பக்கங்களிலும், ஒரு குழாய் வழியே பார்ப்பதைப்போல, கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டு வந்தது. போன பார்வை திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பியாட்ரிஸ் நான்காக மடித்து, வேனில் தலைக்கு மேலிருக்கும் வெயில் மறைப்பின் பின்னால் செருகி வைத்தார். சொட்டு மருந்தை மட்டும் தவறாமல் விட்டுக்கொண்டார். கண் எரிச்சலுக்கு என்று பிரெட்ரிக்கிடம் சொன்னார்.

உரிமம் இந்த மாதம் முப்பதாம் தேதியுடன் முடிகிறது. அதன் பிறகு என்ன செய்வது என்பதை அவர் நினைக்கவில்லை. அதுவரை ஓட்டலாம் என்று மட்டும் நினைத்தார். விடியற்காலை இருட்டிலும் பாசிர் கூடாங் சாலை அவருக்குத் தடையாக இல்லை. எந்த விளக்குக் கம்பத்துக்குப் பிறகு வளைவு, எந்தப் பாலத்தின் கீழ்க் குழி, எந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் இடப்பக்கம் வந்து சேரும் என்பதெல்லாம் அவருடைய கைகளுக்குத் தெரியும். இருட்டில் அவரால் ஓட்டக்கூடிய சாலை உலகில் ஒன்றே ஒன்றுதான்; அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மலைக்குப் போகலாம் என்று திடீரென்று சொன்னவரும் அவர்தாம். முழுவதும் மறைவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்ற காரணத்தை அவர் சொல்லவில்லை. ஆனால், போன இடத்தில் அவரால் எதையும் நிதானமாகப் பார்க்க இயலவில்லை. எங்கே நிறுத்தினாலும் நான்கு மணிக்கே விழித்து, வேனைச் சுற்றி நடந்து, டயர்களை உதைத்துப் பார்த்து, பிரெட்ரிக் எழுவதற்குள் அடுத்த ஊருக்குத் தயாராக நிற்பார். விடிந்ததும் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிரிலிருக்கும் மலையைப் பார்ப்பார். பிறகு மறுகண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மலை நேற்று இருந்த அளவு இருக்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. கேமரன் மலைச் சாலையில் ஒரு பிற்பகல் பனி இறங்கி, முன்னே போகும் லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாமல் எல்லா வண்டிகளும் ஊர்ந்தன. அன்று மட்டும் பியாட்ரிஸ் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டியபோது ஆறு மணி பத்து. விடுமுறை முடிந்து திரும்பும் கார்கள் மூன்று வரிசைகளிலும் நெருங்கி வந்தன. கூலாய்க்கு முன்பே வேகம் பாதியாகக் குறைந்தது.

“நீ ஏன் இப்படி முன்னால சாஞ்சு ஓட்டுற?” என்று கேட்டார் பிரெட்ரிக்.

“முதுகு வலிக்குது.”

“முதுகு வலிச்சா பின்னால சாயணும்.”

“நீங்க லைசன்ஸ் எடுத்துட்டு வந்து சொல்லுங்க.”

பிரெட்ரிக் சிரித்து, ஒரு பலகாரத்தைப் பிட்டு அவர் வாயருகே இடப்பக்கமாக நீட்டினார். பியாட்ரிஸ் வாயைத் திறக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. “வேணாமா?” என்று கேட்டபோதுதான் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிரெட்ரிக் அதைத் தாமே தின்றார். அப்போது அவர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஸ்கூடாய் சுங்கச்சாவடியைக் கடந்தபோது ஏழு மணி ஐந்து. வானத்தில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆனால், எதிர்வரும் கார்கள் எல்லாம் விளக்கைப் போட்டுவிட்டன. ஒவ்வொரு விளக்கும் கண்ணில் பட்டு விரிந்து, அதைச் சுற்றியிருப்பதை அழித்துவிட்டுப் போனது. தம்போய்க்கு இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை. பத்து நிமிடம், பத்து நிமிடம் என்று பியாட்ரிஸ் தமக்குள் சொல்லிக்கொண்டே பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் வேனைத் திருப்பினார். அந்தச் சாலையில் சிறிது தூரம் போய், இடப்பக்கம் பிரிந்தால் வீடு.

அவர் சிக்னலைப் போட்டு இடப்பக்கம் சாய்ந்தார். அந்தக் கணத்தில் வேனின் விலாவை ஒட்டி ஒரு ஹார்ன் நீளமாக அலறியது. மோட்டார் சைக்கிள் ஒன்று கதவோடு உரசுவதுபோல் வந்து, ஒதுங்கித் தள்ளாடி, நிமிர்ந்து, முன்னே பாய்ந்தது. ஓட்டியவர் திரும்பிக் கையை ஓங்கிக் காட்டிவிட்டுப் போனார். பியாட்ரிஸ் அவரைப் பார்த்தது, அவர் நேர் எதிரே வந்த பிறகுதான்.

“அலமாக், பியா. எவ்வளவு நேரமா அந்தப் பையன் பக்கத்துலயே வந்தான். பார்க்கலையா நீ?”

பியாட்ரிஸ் வேனை நேராக்கினார். இடப்பக்கம் பிரியும் வழி பின்னால் போய்விட்டது. மறுபடியும் இடப்பக்கம் சாய அவருக்குத் துணிவு வரவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை இனி அவரால் அறிய முடியாது. நிறுத்தலாம் என்றாலும், சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்பது தெரியவில்லை. விளக்குகள் வந்துகொண்டே இருந்தன. அப்போது அவருடைய கைகள் தாமாகவே வேலையை எடுத்துக்கொண்டன. பாலம், வளைவு, மூன்று விளக்குக் கம்பங்கள், மறுபடியும் பாலம்.

“வீடு அந்தப் பக்கம்,” என்றார் பிரெட்ரிக். வேன் நேராகவே போனது. “பண்டானும் தாண்டியாச்சு. எங்க போற?”

“பேசாதீங்க. கொஞ்ச நேரம் பேசாதீங்க.”

பிரெட்ரிக் காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்த்தபடியே வந்தார். பெர்மாஸ் ஜெயா கடந்தது. எண்ணெய்க் கிடங்குகளின் விளக்குகள் தெரிந்தன. காற்றில் பாசிர் கூடாங்கின் வேதிப்பொருள் வாடை கலந்தது. பியாட்ரிஸ் பெரிய வட்டச்சாலையைச் சுற்றி, இரண்டு சமிக்ஞை விளக்குகளைத் தாண்டி, தொழிற்சாலையின் மூன்றாம் வாசலுக்கு எதிரே இருக்கும் பேருந்து நிழற்குடையின் முன்னே வேனை நிறுத்தினார். டயருக்கும் நடைபாதைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. இருபத்து மூன்று ஆண்டுகளாக விடும் அதே ஒரு சாண். பிறகு எஞ்சினை அணைத்தார். அன்று காலையிலிருந்து அவர் எஞ்சினை அணைத்தது, பெட்ரோல் ஊற்றிய இடங்களைத் தவிர, அங்கேதான்.

“கண்ணை மூடிக்கிட்டு நிறுத்தத் தெரிஞ்ச இடம் எனக்கு இது ஒன்னுதான்,” என்றார்.

பிரெட்ரிக்குக்குப் புரியவில்லை. பியாட்ரிஸ் வெயில் மறைப்பைக் கீழே இழுத்து, கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். பிரெட்ரிக் கைப்பேசி வெளிச்சத்தில், கிராணிக்கே உரிய வழக்கப்படி, முதலில் மேலே இருந்த தேதியைப் பார்த்தார்.

“பிப்ரவரின்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

அவர் கடைசிவரை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். தொழிற்சாலையின் சங்கு ஒலித்து ஓய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பகல் வேலை முடிந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து, வரிசையாக நின்ற பேருந்துகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“அப்போ, மலையில? அந்தப் பனியில?”

“பனியில எல்லாருக்கும் அவ்வளவுதானே தெரிஞ்சுது. அன்னிக்கு ஒருநாள்தான் எனக்குப் பயம் இல்லாம இருந்துச்சு.”

பிரெட்ரிக் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். “பதினஞ்சு நாளா நான் ரோட்டையே பார்க்கல, பியா. நீ இருக்கியேன்னு மலையைப் பார்த்துக்கிட்டு வந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மலையைப் பார்க்காம உன் இடப்பக்கத்தையாவது பார்த்திருப்பேன்.”

“சொன்னா ஓட்ட விட மாட்டீங்க.”

“விட்டிருக்க மாட்டேன்தான்.” கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நாளைக்குக் காலையில அந்தப் பன்னிரண்டு பேரையும் ஏத்திக்கப் போறியா?” என்று கேட்டார்.

 பியாட்ரிஸின் விரல்கள் ஸ்டீரிங்கின் மேல் ஏதோ கணக்குப் போடுவதுபோல் ஒவ்வொன்றாக அசைந்துகொண்டிருந்தன. அப்போது பின்னாலிருந்த நகர்கதவு சடாரென்று திறந்தது.

“இவ்வளவு நேரமா வர்றதுக்கு?” என்று அதட்டிக்கொண்டே ஏறிய மலர், திரையையும் மெத்தையையும் கண்டு தடுமாறி, நீள இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். “அக்கா? நீங்களா? இருட்டுல நான் அந்த ஆளு வேன்னு நெனச்சேன். என்னை ஏத்திக்கவா வந்தீங்க, அவ்வளவு தூரத்துலேர்ந்து?”

கண்ணாடியில் மலரின் நீலச் சீருடை தெரிந்தது. ஏத்திக்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிடலாம். பிரெட்ரிக் மறுக்க மாட்டார். அன்றிரவு வீட்டில்தான் பேசுவார். பாசிர் கூடாங்கிலிருந்து தம்போய் வரை, கைகளுக்குத் தெரிந்த சாலை. திரும்பும் திசையிலும் கடைசியில் இடப்பக்கம் பிரிய வேண்டிய ஓர் இடம் மட்டும்தான் பயம். அங்கே பக்கத்தில் ஒருவர் வருவது, அவர் ஹார்ன் அடித்தால்தான் பியாட்ரிஸுக்குத் தெரியும்; அடிக்காவிட்டால் தெரியாது. பியாட்ரிஸ் சாவியின் மேல் கை வைத்தார்.

“மலர், உன் தம்பியோட சாப்பாட்டு வேனை நீ ஓட்டுறேல்ல?”

“வாரத்துல மூணு நாள் நான்தான் ஓட்டுறேன். ஏன்க்கா?”

“கியர் வண்டிதானே அது?”

“கியர்தான். அக்கா, உடம்பு சரியில்லையா?”

பியாட்ரிஸ் சாவியை உருவி, தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார். “கண்ணு சரியில்ல. வீடு வரைக்கும் நீ ஓட்டு. மிச்சத்தை வழியில சொல்றேன். நாளைக்கு நான் வரல.”

மலர் சாவியை உடனே வாங்கவில்லை. பிரெட்ரிக்கைப் பார்த்தார். பிரெட்ரிக் தலையசைத்தார். நீட்டிய கை இறங்காமல் நின்றது. மலர் அதிலிருந்து சாவியை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

இடம் மாறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிரெட்ரிக் இறங்கிப் பின்னால் போனார். பியாட்ரிஸ் வேனின் முன்புறத்தைக் கையால் தடவியபடியே சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். அந்த இருக்கையில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. கால் நீட்ட இவ்வளவு இடம் இருக்கிறது என்பதும், முன்கண்ணாடியின் மூலையில் ஒரு விரிசல் இருக்கிறது என்பதும் அவருக்குப் புதிதாக இருந்தன.

“இந்த விரிசல் எப்ப வந்துச்சு?”

“ரெண்டு வருஷமா இருக்குக்கா. நான் தினமும் அதைத்தானே பார்த்துக்கிட்டு வரேன்,” என்றார் மலர், இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டே. “கிளட்ச் ரொம்ப மேல இருக்கு.”

“பழகிடும். ரெண்டாவது கியர் மாத்தும்போது கொஞ்சம் தூக்கிப் போடு. கண்ணாடியை உனக்குத் தகுந்தாப்பல திருப்பிக்க.”

மலர் கண்ணாடியைத் திருப்பினார். எஞ்சின் உயிர்பெற்றது. ஆனால், வேன் நகரவில்லை. மலர் இரு கைகளையும் ஸ்டீரிங்கில் வைத்து, நேரே பார்த்தபடி, “பெரட்டு,” என்றார்.

 பியாட்ரிஸ் வாசுகியின் குரலுக்காகவும், அந்த அக்காள் தங்கையரின் குரலுக்காகவும் காத்திருப்பவர்போல் தலையைச் சாய்த்திருந்தார். பிறகுதான் எல்லாருக்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டிய இருக்கை எது என்பது அவருக்கு நினைவு வந்தது.

“ஒன்னு,” என்றார்.

“ரெண்டு,” என்றார் பின்னாலிருந்து பிரெட்ரிக். “வாசுகி நம்பரை எடுத்துக்கிட்டேன். நாளைக்கு அவ திட்டுனா யாராவது எனக்காகப் பேசணும்.”

மலர் சிக்னலைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, பேருந்து ஒன்று போகும்வரை பொறுத்திருந்து வேனைச் சாலையில் ஏற்றினார். முதல் சமிக்ஞை விளக்கு நெருங்கியபோது பியாட்ரிஸின் வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. வேன் தானாக நிற்பதுபோல் நின்றது. அடுத்த விளக்கிலும் அந்தக் கால் அழுத்தியது. தம்போயில் இடப்பக்கம் பிரியும் இடம் வந்தபோது, இன்னும் பலமாக.